சைக்கிளில் ரோதாங்... தனியாகப் போகலாமா?

‘கார்ல போனாலே தலை சுத்துது, வாந்தி வருது. இவரு சைக்கிள்ல போறாராம்... அதுவும் தன்னந்தனியா!’

ரோதாங் கணவாய்க்கு சைக்கிளில் போக வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால், வீட்டில் இப்படி ஒரு குரல் எழாமல் இருக்காது. அந்தக் குரலில் பாதி நியாயம். மீதிப் பாதி, விஷயம் தெரியாததால் வருகிற பயம். இரண்டையும் பிரித்துத் தெரிந்து கொண்டால் போகிறவருக்கும் நல்லது. வீட்டில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் போகிறவருக்கும் நல்லது.

முதலில் இடத்தைப் பார்த்து விடுவோம். இமாசலப் பிரதேசத்தில் குலு பள்ளத்தாக்குக்கும் லாஹூலுக்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்கிறது பீர் பாஞ்சால் மலைத்தொடர். அந்தச் சுவரில் உள்ள வாசல்தான் ரோதாங். உயரம் 3,978 மீட்டர். அடிவாரமான மணாலி 2,050 மீட்டர். அதாவது நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வு. மணாலியிலிருந்து கணவாய்க்கு 51 கிலோ மீட்டர். ஆக, ஒரே நாளில் 1,900 மீட்டருக்கு மேல் மிதித்தே ஏற வேண்டும்!

‘ரோதாங்’ என்ற பெயருக்கே ‘பிணக் குவியல்’ என்று பொருள் சொல்கிறார்கள். ரோடு வராத காலத்தில் பனிப்புயலில் மாட்டிக் கொண்டு மாண்டவர்களின் நினைவு அது. இன்று மேலே வரை ரோடு இருக்கிறது. 2020 அக்டோபர் 3-ம் தேதி அடல் சுரங்கப்பாதையைத் திறந்த பிறகு இன்னொரு சௌகரியமும் சேர்ந்து கொண்டது. 9.02 கிலோ மீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தின் வழியாகவே லே போகிற லாரிகள் மலையைக் கடந்து விடுகின்றன. முன்பெல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் டீசல் புகையைக் குடித்துக் கொண்டே ஏற வேண்டும். இப்போது பெரும்பாலும் பனி பார்க்க வருகிற டூரிஸ்ட் வண்டிகள்தான். அவற்றுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் எண்ணிக்கை வரம்பு போட்டது. மனிதனின் நுரையீரலுக்கு ஒரு கோர்ட்டும் ஒரு சுரங்கமும் சேர்ந்து உதவி செய்திருக்கின்றன!

குளிர்காலம் முழுக்கக் கணவாய் பனியில் மூடிக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் மழையும் மண்சரிவும். ஜூன் மாதமும் செப்டம்பரும்தான் சைக்கிளுக்குத் தோதான காலம். ரோடு திறந்திருக்கிறதா, அனுமதி ஏதும் வேண்டுமா என்பதை முதல் நாள் சாயங்காலமே மணாலியில் விசாரித்து விடுங்கள்.

குறைவது ஆக்ஸிஜன் அல்ல!

‘மேலே போகப் போக காத்துல ஆக்ஸிஜன் கம்மி’ என்று எல்லோரும் சொல்வோம். கறாராகப் பார்த்தால் அது சரியில்லை. மெரினா கடற்கரைக் காற்றிலும் 21 சதவீதம் ஆக்ஸிஜன்தான், ரோதாங் காற்றிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். காற்று நெருக்கமாக இல்லாமல் விலகி விலகி நிற்கிறது. அதே டிபன் பாக்ஸ்தான், ஆனால் உள்ளே ஐந்தில் மூன்று பங்கு சோறுதான் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்களேன். ஒவ்வொரு தடவை மூச்சை இழுக்கும்போதும் கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 61 சதவீத ஆக்ஸிஜன்தான் ரோதாங்கில் கிடைக்கிறது.

உடம்பு சும்மா இருக்குமா? உடனே இரண்டு வேலை செய்கிறது. மூச்சை வேகப்படுத்துகிறது, இதயத் துடிப்பைக் கூட்டுகிறது. அப்படியும் பற்றாக்குறை தீர்வதில்லை. சமவெளியில் உங்களால் முடிகிற உச்சபட்ச உழைப்பில் ஏறத்தாழ கால் பங்கு அங்கே காணாமல் போய்விடும். அது பலவீனம் இல்லை, பௌதிகம். எவ்வளவு பயிற்சி எடுத்தவருக்கும் இது உண்டு.

இங்கே நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் ஆனைமுடி. அதுவே 2,695 மீட்டர்தான். தொட்டபெட்டா 2,637. மலை நோய் என்பது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலை காட்டும். எனவே, ‘நான் ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் சைக்கிள்ல போனவன் சார்’ என்று சொல்பவரின் கால்களுக்குத்தான் அனுபவம் உண்டு. ரத்தத்துக்கும் மூளைக்கும் அது புது ஊர்.

மலை நோய் எப்படி வரும்? தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, லேசான கிறுகிறுப்பு. முதல் நாள் ராத்திரி பார்ட்டியில் அளவு மீறியவருக்குக் காலையில் இருக்குமே, ஏறத்தாழ அந்த நிலைமை. விசித்திரம் என்னவென்றால் இது உயரத்துக்குப் போன அந்த நிமிடமே வருவதில்லை. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். அதனால்தான் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதை டாக்டர்கள் முக்கியமாகக் கேட்கிறார்கள். பகலில் உச்சியைத் தொட்டுவிட்டு சாயங்காலம் மணாலிக்கே இறங்கித் தூங்குகிறவருக்கு ஆபத்து குறைவு. அந்தப் பக்கம் இறங்கி கோக்சரில் தங்குவதென்றால் படுக்கையே 3,100 மீட்டருக்கு மேல். முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு என் சிபாரிசு - ஏறுங்கள், தொடுங்கள், மணாலிக்கே திரும்புங்கள்.

இன்னொரு தவறான எண்ணம்... ‘நல்ல உடற்கட்டு உள்ளவனுக்கு மலை நோய் வராது.’ வரும்! தேக பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னும் சொல்லப் போனால், பலசாலி வேகமாக ஏறி விடுகிறார்; உடம்பு பழகுவதற்கு நேரம் கொடுப்பதில்லை. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பும் அதிகம். சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து ராத்திரி பஸ், விடிந்ததும் சைக்கிள் என்று திட்டம் போடாதீர்கள். மணாலியில் குறைந்தது இரண்டு ராத்திரி தங்குங்கள். நடுவில் ஒரு நாள் கோத்தி கிராமம் வரை மிதித்துவிட்டுத் திரும்பினால் உடம்புக்கும் பழக்கம், சைக்கிளுக்கும் சோதனை.

மலை நோய் முற்றினால் இரண்டு விபரீதங்கள். ஒன்று நுரையீரலில் நீர் கோத்துக் கொள்வது. உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகும் மூச்சு வாங்கும், இருமல் வரும், சளியில் நுரையோ ரத்தச் சாயலோ தெரியும். இன்னொன்று மூளை வீக்கம். பேச்சு குழறும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறது. ரோட்டோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, குதிகாலை அடுத்த காலின் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடந்து பாருங்கள். தடுமாறுகிறதா? உச்சி இரண்டே கிலோ மீட்டரில் இருந்தாலும் திரும்பி விடுங்கள். இந்த இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே ஒன்று - இறங்குவது. ஒரு நாள் போய்த் திரும்புகிறவருக்கு இவை அபூர்வம்தான். ஆனால் தனியாகப் போகிறவருக்கு ‘உன் நடை சரியில்லையே’ என்று சொல்ல ஆள் கிடையாது. அதனால் அடையாளங்களை நீங்களே மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிப் போட்ட ஆக்ஸிமீட்டர் மேஜை டிராயரில் கிடக்கிறதா? எடுத்துக் கொள்ளுங்கள். ஆனால் உச்சியில் அது 85 என்று காட்டினால் பதறாதீர்கள். சென்னையில் அந்த எண் வந்தால் ஆம்புலன்ஸ். 4,000 மீட்டர் உயரத்துக்குப் புதிதாக வந்த ஆரோக்கியமான ஆளுக்கு 80-களில் காட்டுவது வழக்கம்தான். விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். கருவி சொல்வதைவிட உடம்பு சொல்வதுதான் பெரிது. எண் நன்றாக இருந்து, தலைவலியும் குமட்டலும் கூடிக் கொண்டே போனால், தலைவலியைத்தான் நம்ப வேண்டும்.

‘இதுக்கு மாத்திரை இருக்காமே?’ இருக்கிறது. அசிட்டசோலமைடு. மூச்சைத் தூண்டிவிட்டு, உடம்பு உயரத்துக்குப் பழகுவதைத் துரிதப்படுத்தும். ஆனால் விரல்களில் குறுகுறுப்பு, அடிக்கடி சிறுநீர் போன்ற தொல்லைகள் உண்டு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அமர்நாத் போனபோது மிச்சம் வைத்ததை வாங்கிப் போட்டுக் கொள்கிற சமாசாரம் இல்லை இது.

யாருக்கு வேண்டாம்?

கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், நெஞ்சுவலி வந்தவர்கள், இதய நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் - இவர்கள் டாக்டர் சம்மதம் இல்லாமல் கிளம்பவே கூடாது. நாற்பது தாண்டியவர்கள், வியாதி ஒன்றும் இல்லை என்றாலும், ஒரு தடவை ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்த்துக் கொள்வது நல்லது. டிரெட்மில் பரிசோதனை தேவையா என்பதை டாக்டர் தீர்மானிப்பார்.

பெண்கள் அவசியம் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். நம் நாட்டில் ரத்த சோகை எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். ஆக்ஸிஜனைத் தூக்கிச் செல்வது ஹீமோகுளோபின். சரக்கும் குறைவு, லாரியும் குறைவு என்றால் ஊர் எப்படிப் போய்ச் சேரும்? இரும்புச் சத்து ஏற இரண்டு, மூன்று மாதம் ஆகும். கடைசி வாரத்தில் முருங்கைக்கீரை சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது.

ஆஸ்துமாக்காரர்களுக்குக் குளிர்ந்த, வறண்ட காற்றே மூச்சிழுப்பைக் கிளப்பிவிடும். இன்ஹேலர் பையில் அல்ல, சட்டைப் பாக்கெட்டில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிற சர்க்கரை நோயாளிகளுக்கு இத்தனை மணி நேர உழைப்பில் சர்க்கரை திடீரென்று இறங்கி விடலாம். மயக்கம் வந்தால் தூக்க ஆள் இல்லாத இடம். அவர்கள் தனியாகப் போக வேண்டாம். துணையோடு, டாக்டரிடம் அளவைத் திருத்திக் கொண்டு போகலாம்.

பெண்கள் தனியாகவா என்று இழுக்கிறீர்களா? அயர்லாந்துக்காரரான டெர்வ்லா மர்ஃபி 1963-ல் தன்னந்தனியாக சைக்கிளில் அயர்லாந்திலிருந்து இந்தியா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 31. தொண்ணூறு வயது வரை வாழ்ந்து 2022-ல்தான் மறைந்தார்.

கால்களைத் தயார் செய்ய...

மூன்று மாதம் போதும். வாரம் நாலு நாள் மிதியுங்கள்; அதில் ஒரு நாள் நீண்ட தூரம். சேலம் பக்கத்துக்காரர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காடு இருக்கிறது. நாமக்கல்காரர்களுக்கு 70 வளைவு கொல்லிமலை! மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறினால் 1,400 மீட்டருக்கு மேல் உயரம் கிடைக்கும். ரோதாங் ஏற்றத்தில் அது முக்கால் பங்கு. அதை நிதானமாக ஏறிவிட்டு, மறுநாள் ஆபீஸுக்கு ஒழுங்காகப் போக முடிகிறதா? உங்கள் கால்கள் ரெடி.

சைக்கிளில் சீட் உயரம் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். தெருவுக்குத் தெரு ‘சைக்கிள் ஓட்டினா முட்டி தேஞ்சிடும்’ என்கிறார்களே, அதில் பாதி சீட்டின் குற்றம். கை விரல்கள், குறிப்பாகச் சுண்டு விரல் மரத்துப் போனால் உள்ளங்கை நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். பிடியை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போனாலும் அலட்சியம் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று மிதியுங்கள்.

கியர் விஷயத்தில் வெட்கமே படாதீர்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்சுக்குக் கியர் என்றாலே இளக்காரம். வயசாளிகளுக்குத்தான் அது என்பார். 1937-ல்தான் அந்தப் பந்தயத்தில் செயின் மாற்றும் கியரை அனுமதித்தார்கள். உங்களுக்கு என்ன பந்தயமா? பின் சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் இருக்கிற பற்கள், முன்னால் உள்ள சின்ன பல்சக்கரத்தைவிட அதிகமாக இருக்கும்படி அமைத்துக் கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 60, 70 சுற்று லேசாக மிதிப்பதுதான் முழங்காலுக்கும் இதயத்துக்கும் நல்லது.

அந்த ஒரு நாள்

விடியற்காலை 5 மணிக்குச் சக்கரம் உருள வேண்டும். மலையில் மேகமும் காற்றும் மதியத்துக்கு மேல்தான் வேலையைக் காட்டும். மணிக்கு ஏழு, எட்டு கிலோ மீட்டர் வேகம், நடுவில் ஓய்வு. 12 மணி, 12.30-க்கு உச்சி. பகல் ஒரு மணி ஆகிவிட்டால் எங்கே இருந்தாலும் சரி, திரும்ப வேண்டும். இதை மலையில் நின்று முடிவு செய்யாதீர்கள், வீட்டிலேயே முடிவு செய்து விடுங்கள். ஆக்ஸிஜன் குறைந்த மூளை, ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்றுதான் சொல்லும்.

முதல் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர், பல்சான் வரை, பியாஸ் நதியைத் தொட்டுக் கொண்டு போகிற சுலபமான ரோடு. வேகமாக மிதிக்கத் தோன்றும். அங்கேதான் பலர் தங்கள் கஜானாவைக் காலி செய்கிறார்கள். கோத்திக்குப் பிறகு ஏற்றம் இறுகும். குலாபா தாண்டினால் மரங்கள் குறையும், மர்ஹிக்கு முன்னால் வளைவு மேல் வளைவு.

எவ்வளவு அழுத்தி மிதிக்கலாம்? கூட்டமாகப் போகிறவர்களுக்கு டாக்டர்கள் சொல்வது, பேசிக் கொண்டே மிதிக்க முடிய வேண்டும் என்பது. தனியாகப் போகிறவர் பாடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? பல்லவி ஒரு வரியை மூச்சு முட்டாமல் பாட முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கியரைக் குறையுங்கள். தனியாகப் போவதில் உள்ள பெரிய லாபமே இதுதான். முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டும் என்று நெஞ்சைப் பிய்த்துக் கொள்ள வேண்டியதில்லை.

இப்போது சாப்பாடு. 65 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள், 5 கிலோ பை - மொத்தம் 85 கிலோவை இத்தனை உயரத்துக்குத் தூக்க வேண்டும். உடம்பு எரிக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போய்ச் சேருகிறது. மிச்சமெல்லாம் சூடாக வெளியேறுகிறது. எல்லாம் சேர்த்து ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 2,000 கலோரி ஆகும். இட்லிக் கணக்கில் சொன்னால் நாற்பது இட்லி! யாரும் காலையில் உட்கார்ந்து நாற்பது இட்லி சாப்பிட முடியாது. தசையிலும் கல்லீரலிலும் இருக்கிற சர்க்கரைச் சேமிப்பும் பாதி நாளில் கரைந்து விடும். எனவே, முதல் மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். மணிக்கு இரண்டு வாழைப்பழம், அல்லது ஒரு பழமும் இரண்டு கடலை மிட்டாயும். பேரீச்சை, வெல்லம் எல்லாம் தோது. பசி எடுக்கும் முன்னே சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன்னே குடிக்க வேண்டும் என்பது பிரான்சில் சைக்கிள் பயணத்தின் தந்தை என்று கொண்டாடப்படுகிற பால் தெ விவி சொல்லிக் கொடுத்த பாடம். அவர் 1930-லேயே காலமாகிவிட்டார். இன்றைய விளையாட்டு மருத்துவம் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதும் அதேதான். அவர் சைவச் சாப்பாட்டுக்காரர் என்பது உபரித் தகவல்.

மர்ஹி தாபாவில் ஆலு பராத்தா மணக்கும். பாதி சாப்பிடுங்கள், போதும். எண்ணெய்ப் பண்டம் அந்த உயரத்தில் வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்து கொள்ளும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர். வெறும் தண்ணீராகவே லிட்டர் லிட்டராக உள்ளே தள்ளினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போய், அதுவே தலைவலியும் குழப்பமும் உண்டாக்கும். எனவே, ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். இருக்கட்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்; ஆனால் மேலே செம்மறியாட்டு மந்தைகள் மேய்கின்றன! தாபாவில் கொதிக்க வைத்த தண்ணீர் கேளுங்கள், இல்லையென்றால் குளோரின் மாத்திரை. மந்தையோடு வருகிற காவல் நாய் பாய்ந்து வந்தால் மிதித்து ஓடாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக் கொண்டு, மெதுவாக நகருங்கள். கடித்து விட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ரேபிஸ் ஊசி.

மதியத்தில் திடீரென்று கை கால் தளர்ந்து, எரிச்சலும் கிறுகிறுப்பும் வருகிறதா? பசியாகவும் இருக்கலாம், மலை நோயாகவும் இருக்கலாம். ஓரமாக உட்கார்ந்து இனிப்பாக ஏதாவது சாப்பிட்டு இருபது நிமிடம் பாருங்கள். தெளிந்து விட்டால் பெரும்பாலும் பசிதான். தெளியவில்லை என்றால் கீழே திரும்புங்கள்.

வெயில் விஷயத்தில் ஏமாந்து விடாதீர்கள். குளிருகிறதே என்று தோலை மூடாமல் விட்டால் வெந்து விடும். ஆயிரம் மீட்டருக்கு சுமார் 10 சதவீதம் வீதம் புற ஊதாக்கதிர் கூடுகிறது. பனி வேறு கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கிறது. கறுப்புக் கண்ணாடி போடாதவருக்கு ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டியது போல வலிக்கும்.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை

உச்சியைத் தொட்டாயிற்று. போட்டோ எடுத்தாயிற்று. எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள்... இல்லை.

உச்சி, மணாலியைவிடச் சுமார் 12 டிகிரி குளிர். ஏறும்போது நீங்கள் ஓர் அடுப்பு. இறங்கும்போது அடுப்பு அணைந்து விடுகிறது. உடம்பில் வியர்வையில் நனைந்த பனியன், எதிரே காற்று. வெப்பம் 5 டிகிரி இருக்கும்போது 40 கிலோ மீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே என்றுதான் தோன்றும். முதலில் விரல்கள் மரக்கும். மரத்த விரல் பிரேக்கைப் பிடிக்காது. இறக்கத்தில் விபத்து நடப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அதனால் உச்சியில் முதல் வேலை, ஈர பனியனைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போடுவது. பிளாஸ்டிக் உறையில் ஒரு பனியன் கொண்டு போகச் சிரமமா? கையுறை, காது மூடும் குல்லா, காற்றுப் புகாத மேல் சட்டை. பழைய டூர் டி பிரான்ஸ் வீரர்களின் உபாயம் ஒன்று உண்டு. உச்சியில் தினசரிப் பேப்பரை வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக் கொள்வார்கள். நெஞ்சில் காற்று அடிக்காது. மணாலியில் வாங்கிய பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஏறும்போது நீங்கள் சேர்த்த சக்தி அத்தனையும் இறங்கும்போது காற்றிலும் பிரேக்கிலும்தான் கரைய வேண்டும். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக் கூடும். டிஸ்க் பிரேக் என்றால் தகடு தொட்டால் பொசுக்கும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். பிறகு விட்டு விடுங்கள். வளைவுக்குள் பிடிக்காதீர்கள். பத்து கிலோ மீட்டருக்கு ஒரு தடவை நின்று, கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக் கொள்ளுங்கள், ரிம்மும் ஆறட்டும். உடம்பு வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தால் ஓட்டக் கூடாது. மர்ஹியில் நிறுத்தி, சூடாக டீ. ஹெல்மெட் ஏற்றத்தில் புழுங்குகிறது என்று கழற்றி வைத்திருந்தால், இப்போது மறக்காமல் மாட்டுங்கள்.

வீட்டில் இருப்பவருக்கு...

தனியாகப் போகிறவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து விட்டுப் போகட்டும் - எந்த ரோடு, எத்தனை மணிக்குத் திரும்பும் முடிவு, எங்கே தங்கல், லாட்ஜ் போன் நம்பர். நடுவில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. பதினோரு மணிக்கு போன் வரவில்லை என்றால் அது சிக்னல் பிரச்னை, அழ வேண்டாம். முன்கூட்டியே ஒரு நேரம் பேசி வைத்துக் கொள்ளுங்கள். உதாரணமாக, சாயங்காலம் 6 மணி. அதுவரை கவலை கிடையாது. 6 தாண்டினால் லாட்ஜுக்கு போன். 7 மணிக்கும் தகவல் இல்லையென்றால் மணாலி போலீஸுக்குச் சொல்லும்படி லாட்ஜ்காரரைக் கேளுங்கள். அவசர எண் 112 என்பது மலையில் இருப்பவருக்கு. சென்னையிலிருந்து அதை அழுத்தினால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். எனவே மணாலி காவல் நிலைய நம்பரையும் அந்தக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

போகிறவர் சட்டைப் பாக்கெட்டில் ரத்த குரூப், ஒவ்வாத மருந்து, வீட்டு போன் நம்பர் எழுதிய அட்டை இருக்கட்டும், இந்தியிலும் ஒரு வரி. பையில் மாற்று டியூப், பம்ப், சின்ன டார்ச்.

மணாலி திரும்பிய ராத்திரி லேசாகத் தலை வலிக்கலாம். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, ஒரு பாராசிட்டமால் போட்டால் சரியாகிவிடும். களைப்பு தீர ‘ஒரு பெக்’ என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். அன்றைக்கு வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டுமே தூக்கத்தில் மூச்சை மந்தப்படுத்தும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் தண்ணீர் தேவை. தலைவலியோடு வாந்தியோ, படுத்தால் மூச்சுத் திணறலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய், ‘இன்று ரோதாங் ஏறினேன்’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.